செஞ்சி ஆலையில் சர்வர், சென்னையில் மகன்

டேட்டாபேஸ் சர்வரை வெளியூரிலிருந்து தொட முடியவில்லை என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன். பட்டனை அமுக்கிய உடனே பிழை வருகிறதா, இல்லை வெகுநேரம் சுற்றிவிட்டு வருகிறதா? "எப்படியோ வருது, கனெக்ட் ஆகலை" என்பார்கள். ஆனால் பாதி விடை இதில்தான் இருக்கிறது.

உடனே வந்தால் நாம் அனுப்பிய பாக்கெட் எங்கேயோ ஓர் இடத்தைத் தொட்டு, "இங்கே இல்லை" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறது. ஒன்று, அந்த இயந்திரத்தில் அந்த போர்ட்டில் எந்த மென்பொருளும் காத்திருக்கவில்லை. அல்லது ஒரு ஃபயர்வால் வெளிப்படையாக மறுத்திருக்கிறது. சுற்றிவிட்டு வந்தால் பதிலே கிடைக்கவில்லை என்று பொருள். பாக்கெட்டை யாரோ சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டார்கள், அல்லது அது போக வேண்டிய இடத்துக்கே போகவில்லை. மைஎஸ்க்யூஎல் இரண்டுக்கும் 2003 என்ற ஒரே எண்ணைத்தான் காட்டும். அதன் பக்கத்தில் அடைப்புக்குள் இருக்கிற இன்னொரு எண்ணைப் பார்க்க வேண்டும். லினக்ஸில் 111 என்றால் மறுப்பு, 110 என்றால் மௌனம். விண்டோஸில் அவையே 10061, 10060.

அந்த மௌனத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. லினக்ஸின் பழைய கெர்னல்கள் முதல் பாக்கெட்டை அனுப்பிவிட்டு 1 விநாடி பார்க்கும். பதில் இல்லையென்றால் மறுபடி அனுப்பி 2 விநாடி, பிறகு 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போய் 127 விநாடியில் கைவிடும். விண்டோஸ் 10 வழக்கமாகச் சுமார் 21 விநாடியிலேயே நிறுத்திக்கொள்ளும். ஆகவே "கொஞ்ச நேரம் சுத்துது" என்று யாராவது சொன்னால், அவரைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை முயலச் சொல்லுங்கள். 20 விநாடியைத் தாண்டினால் கிட்டத்தட்ட உறுதியாக அது 10060.

இதை எழுதத் தூண்டியது திருவண்ணாமலை ரோட்டில் இருக்கிற ஓர் அரிசி ஆலை. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் வந்து குவிகிற சம்பா அறுவடை மாதங்களில் அந்த ஆலையில் மூச்சுவிட நேரம் இருக்காது. எடைமேடையில் ஒரு கணினி, பில் போடுகிற இடத்தில் ஒரு கணினி, அலமாரிக்குள் உபுண்டு போட்ட சின்னப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டியில் மரியாடிபி ஓடுகிறது. ஒவ்வொரு லோடுக்கும் வண்டி எண், மொத்த எடை, காலி வண்டி எடை, ரகம், ஈரப்பதம், 75 கிலோ மூட்டைக் கணக்கு, விவசாயியின் வங்கிக் கணக்கு எண், அவருக்குத் தர வேண்டிய பாக்கி எல்லாம் அதில்தான் ஏறும். உரிமையாளரின் மகன் சென்னையில் வேலை பார்க்கிறார். கணக்கைப் பார்க்கிற ஆடிட்டர் புதுச்சேரியில். இருவரும் முன்பெல்லாம் நேராக உள்ளே வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசியில் விழுந்த இடியில் ரவுட்டர் போய், புது இணைப்பு எடுத்த பிறகு அது நின்றுபோனது. அறுவடை நெருங்கியபோதுதான் கூப்பிட்டார்கள்.

"தம்பி, புதுசா பெட்டி வச்சிட்டுப் போனாங்க. நெட்டு நல்லாத்தான் வருது. பையனுக்கு மட்டும் கணக்கு தெரிய மாட்டேங்குது."

"அண்ணா, பையனை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அடைப்புக்குள்ள என்ன நம்பர் இருக்குன்னு பார்க்கணும்."

10060.

இந்த மாதிரி நேரத்தில் நான் சர்வருக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி வெளியே நகர்வேன். சென்னையில் உட்கார்ந்து யோசித்தால் நடுவில் இருக்கிற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும். சர்வர் முன்னால் உட்கார்ந்தால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போகலாம்.

முதல் கேள்வி, டேட்டாபேஸ் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்பது. உபுண்டுவிலும் டெபியனிலும் மரியாடிபியை நிறுவினால் அதன் அமைப்புக் கோப்பில் பைண்ட் அட்ரஸ் 127.0.0.1 என்றுதான் இருக்கும். அதாவது தன் இயந்திரத்துக்குள்ளிருந்து வருபவர்களிடம் மட்டுமே பேசும். போஸ்ட்கிரஸும் அப்படியே. அங்கே லிசன் அட்ரஸஸ் என்ற வரியோடு, யார் எந்த முகவரியிலிருந்து வரலாம் என்று பட்டியலிடும் இன்னொரு கோப்பும் உண்டு. இங்கே பலரை ஏமாற்றுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்து உள்ளே போனால், மைஎஸ்க்யூஎல் க்ளையண்ட் நெட்வொர்க் வழியாகவே போவதில்லை. யூனிக்ஸ் சாக்கெட் என்கிற கோப்பு வழியாகப் போகிறது. அது வேலை செய்வதால் நெட்வொர்க் சரியாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. சர்வரின் உள் முகவரியை, 192.168 என்று தொடங்குமே, அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு அதே வைஃபையில் இருக்கிற இன்னொரு கணினியிலிருந்து பார்க்க வேண்டும்.

ஆலையில் இரண்டும் வேலை செய்தன. எடைமேடைக் கணினி உள்ளேயிருந்து தடையில்லாமல் பேசிக்கொண்டிருந்தது. புது ரவுட்டரில் 3306 போர்ட்டைச் சர்வருக்குத் திருப்பிவிடும் விதியும் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. மின்சாரம் போய் வந்த பிறகு சர்வரின் உள் முகவரி மாறிப்போய், ரவுட்டர் விதி பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருப்பது வழக்கமாக நடக்கிற ஒன்று. இங்கே அதுவும் இல்லை.

அப்போதுதான் டிசிபிடம்ப்பைப் போட்டேன். சர்வரின் நெட்வொர்க் கார்டுக்கு வந்து சேர்கிற ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒரு வரியாக எழுதிக் காட்டுகிற கருவி அது. சர்வரின் சொந்த ஃபயர்வால் பாக்கெட்டைத் தடுப்பதற்கு முன்பே இது பார்த்துவிடும் என்பதுதான் இதன் அருமை. 3306-க்கு வருவதை மட்டும் காட்டு என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போன் போட்டேன். "இப்ப அமுக்குங்க தம்பி." திரையில் எடைமேடைக் கணினியின் வரிகள் ஓடின. வெளியிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. இன்னொரு முறை அமுக்கச் சொன்னேன். அப்போதும் இல்லை. அத்தோடு சர்வரின் ஃபயர்வால், டேட்டாபேஸ், கடவுச்சொல் எல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து கழிந்துவிட்டன. பாக்கெட் ஆலைக்கே வந்து சேரவில்லை.

சோதிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். ஆலையின் வைஃபையில் இருந்துகொண்டே ஆலையின் வெளி முகவரியைக் கொடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பல ரவுட்டர்கள் அப்படித் திரும்பி உள்ளே வர விடாது. அதனால் சரியாக இருப்பதும் கெட்டிருப்பதாகத் தெரியும். மொபைல் டேட்டாவுக்கு மாறித்தான் பார்க்க வேண்டும். செஞ்சிக்காரர்கள் அதற்கும் நாள் பார்க்க வேண்டும். அமாவாசை சாயங்காலம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் நம் ஊர் வழியாகப் போகும்போது மொபைல் டேட்டா தள்ளாடும். அன்றைக்கு வருகிற டைம் அவுட்டை நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்தேன். வெளிப்பக்க முகவரி என்ற இடத்தில் 100.64 என்று தொடங்குகிற ஓர் எண். வெளியே ஓர் இணையதளத்தில் "என் ஐ.பி. என்ன" என்று கேட்டால் முற்றிலும் வேறு எண். விடை கிடைத்துவிட்டது.

100.64-லிருந்து 100.127 வரை தொடங்குகிற முகவரிகள், இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு உள்ளுக்குள் கொடுப்பதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்டவை. இவை வெளி உலகில் செல்லாது. ஐ.பி. பதிப்பு 4-இல் மொத்த முகவரிகளே சுமார் 429 கோடிதான். உலக அளவில் ஒதுக்குவதற்கு மீதமிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதியும் கடைசித் தொகுதியில் கைவைத்து, ஆளுக்குக் கொஞ்சம் என்று ரேஷன் முறைக்குப் போனது. 140 கோடிப் பேர் வாழ்கிற நாட்டில் ஆளுக்கொரு வெளி முகவரி கொடுக்க வழியே இல்லை. அதனால் பல வீடுகளும் கடைகளும் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்ளும்படி நிறுவனத்தின் மையத்திலேயே ஒரு பெரிய முகவரி மாற்றி உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் சிஜிநாட் என்கிறார்கள். உள்ளேயிருந்து வெளியே போகிறவற்றுக்கு அது வழி விடும். வெளியிலிருந்து யாராவது 3306 என்று வந்து நின்றால், அந்த முகவரியைப் பகிர்கிற இத்தனை பேரில் யாருக்குக் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது. கீழே போட்டுவிடும். ஆலையின் ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை. பாக்கெட் அங்கே வந்தால்தானே விதி வேலை செய்யும்?

நிலையான வெளி முகவரியைத் தனிக் கட்டணத்துக்குக் கேட்டு வாங்கலாம். ஐ.பி. பதிப்பு 6 வழியாக வரலாம். இந்தியாவில் அதன் பயன்பாடு உலக அளவில் முன்வரிசையில் இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் அது இருந்தாக வேண்டும். இவற்றில் எதைச் செய்தாலும் பழையபடி போர்ட்டைத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உரிமையாளரிடமும் அதைத்தான் சொன்னேன்.

காரணம் அந்தச் சர்வரின் பழைய பதிவுக் கோப்பிலேயே இருந்தது. இடி விழுவதற்கு முந்தைய மாதங்களின் பதிவுகளைத் திறந்து அவருக்குக் காட்டினேன். ரூட் என்ற பெயருக்கு அனுமதி மறுப்பு, ரூட்டுக்கு மறுபடி, அட்மின் என்ற பெயருக்கு, மைஎஸ்க்யூஎல் என்ற பெயருக்கு. நள்ளிரவில், விநாடிகள் இடைவெளியில், நம் நாட்டோடு தொடர்பே இல்லாத முகவரிகளிலிருந்து, பக்கம் பக்கமாக. செஞ்சியில் ஓர் அரிசி ஆலை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிற நிரல்கள் அவை. திறந்த போர்ட்டுக்கு ஊர் சின்னது, கடை சின்னது என்ற கணக்கு கிடையாது.

இது புதுக் கதையும் அல்ல. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் 1434 போர்ட் வழியாகப் பரவியது. அதன் அளவு வெறும் 376 பைட். தாக்கப்படக்கூடிய நிலையில் இருந்த இயந்திரங்களில் பெரும்பகுதியை அது பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. ஓட்டையை அடைக்கிற திருத்தம் அதற்கு ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. 2017 ஜனவரியில் இணையத்துக்குத் திறந்து கிடந்த மாங்கோடிபி சர்வர்கள் ஆயிரக்கணக்கில் துடைக்கப்பட்டு, பணம் கேட்கிற குறிப்பு மட்டும் விட்டுவைக்கப்பட்டது. பிட்காயின் கொடுத்தவர்கள் பலருக்கும் தரவு திரும்பி வரவில்லை. அடுத்த மாதமே மைஎஸ்க்யூஎல் சர்வர்களுக்கும் அது வந்தது. ஓர் ஆலையின் பாக்கிப் பட்டியல் அறுவடை நடுவில் காணாமல் போனால் நஷ்டம் உரிமையாளருக்கு மட்டுமில்லை. துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு பணத்துக்குக் காத்திருக்கிற விவசாயிக்கும்தான். "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாருங்க" என்று போனில் சர்வசாதாரணமாகச் சொல்லப்படுகிற யோசனையைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது. ஆஃப் செய்து வேலை செய்துவிட்டால் யாரும் திரும்ப ஆன் செய்வதில்லை.

திண்டிவனம் ரோட்டு உரக்கடை ஒன்றில் அப்படித்தான் ஆகியிருந்தது. அங்கே எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். நிறுவியதும் அதில் டிசிபி வழியாகப் பேசுவது அணைந்தே இருக்கும். போர்ட்டும் நிலையாக இருக்காது. அதற்கெல்லாம் வழி செய்திருந்தார்கள். ஆனால் ரவுட்டரை மாற்றியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு பப்ளிக் என்று வகைப்படுத்திவிட்டது. எழுதி வைத்திருந்த ஃபயர்வால் விதி பிரைவேட் வகைக்கு மட்டும். பக்கத்து மேசைக் கணினிகூட சர்வரைத் தொட முடியாமல் போக, யாரோ ஃபயர்வாலை முழுதாக அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். செய்ய வேண்டியிருந்தது நெட்வொர்க் வகையை பிரைவேட் என்று மாற்றுவது மட்டுமே.

ஆலைக்குத் திரும்புவோம். வெளியிலிருந்து உள்ளே வர முடியாது, உள்ளேயிருந்து வெளியே போக முடியும். அப்படியானால் சர்வரே முதலில் வெளியே வந்து வழியைப் போடட்டும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறியவர்களுக்கு இது உடனே புரியும். உச்சிக் கோட்டைக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து பள்ளமாகக் கிடக்கும், அதன் குறுக்கே ஒரு பாலம். அந்தக் காலத்தில் அது உள்ளே இருப்பவர்கள் நினைத்தால் எடுத்துவிடக்கூடிய பாலம். 1689-இல் இங்கே தங்க வந்த மராட்டிய அரசர் ராஜாராமைப் பிடிக்க சுல்ஃபிகர் கானின் முகலாயப் படை 1698 வரை இந்த மலைகளைச் சுற்றிக் கிடந்தது. கோட்டை கைமாறும் முன் ராஜாராம் வெளியேறிப் போய்விட்டார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகளின் 12 கோட்டைகளில் ஒன்றாக, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கிற ஒரே கோட்டையாக, நம் செஞ்சியும் இடம்பிடித்தது. ஊர்க்காரன் என்ற முறையில் அதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போது எனக்கு வேண்டியது அந்தப் பாலத்தின் ஏற்பாடு: போடுவதும் எடுப்பதும் உள்ளிருப்பவர் கையில்.

மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன விபிஎஸ், அதாவது வெளி முகவரி உள்ள வாடகைச் சர்வர், எடுத்தோம். டேட்டாபேஸ் அதில் இல்லை. அது சந்திக்கிற இடம் மட்டும். ஆலைப் பெட்டி அதைத் தேடிப் போய் இணைந்துகொள்ளும். மகனின் லேப்டாப்பும் ஆடிட்டரின் கணினியும் அதே இடத்துக்கு வந்து இணையும். எஸ்எஸ்எச் வைத்தே இதைச் செய்யலாம். ஆலைப் பெட்டியிலிருந்து தலைகீழ் டன்னல் ஒன்று போட்டால், டேட்டாபேஸ் 127.0.0.1-லேயே இருக்கலாம், அதன் அமைப்பில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பிறகு தாத்து உலோனென் 1995-இல் எழுதிய கருவிதான் எஸ்எஸ்எச், இன்றும் நம்பிக்கையானது. ஒருவர் மட்டும் எப்போதாவது உள்ளே போக வேண்டுமென்றால் அது போதும்.

இங்கே மூன்று இயந்திரங்கள் எப்போதும் இணைந்திருக்க வேண்டும் என்பதால் வயர்கார்டு என்ற டன்னல் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் கெர்னல் 5.6 முதல் அது உள்ளேயே இருக்கிறது. தெரிந்த சாவி இல்லாமல் தட்டினால் பதிலே சொல்லாது. வெளியிலிருந்து தேடுகிறவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. ஆலைப் பெட்டியின் அமைப்பில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 என்ற வரி கட்டாயம் வேண்டும். 25 விநாடிக்கு ஒரு சின்னப் பாக்கெட் போய்க்கொண்டிருந்தால்தான் நடுவில் இருக்கிற சிஜிநாட் இந்த இணைப்பை மறக்காமல் வைத்திருக்கும். சர்வரின் ஃபயர்வாலில் 3306-ஐ ஆலையின் உள் நெட்வொர்க்குக்கும் டன்னலுக்கும் மட்டும் அனுமதித்து, ரவுட்டரில் இருந்த பழைய விதியை அழித்தேன். வெளியிலிருந்து வரக்கூடியதாக இருந்த ரூட் முதலிய பழைய பயனர் கணக்குகளையும் நீக்கினேன்.

சென்னையிலிருந்து மறுபடி அமுக்கியபோது பிழை மாறியிருந்தது. 1130. இந்த முகவரியிலிருந்து இணைய அனுமதி இல்லை. தொடர்பு கிடைக்கவில்லையே என்று மகன் வருந்தினார், எனக்கோ நிம்மதி. 1130-ஐச் சொல்வது டேட்டாபேஸ். அதன் குரல் சென்னைக்குக் கேட்டுவிட்டது என்றால் நடுவில் இருக்கிற அத்தனையும் சரி. மைஎஸ்க்யூஎல், மரியாடிபி இரண்டிலும் ஒரு பயனர் என்பது பெயரும் அவர் வருகிற முகவரியும் சேர்ந்தது. டன்னலின் முகவரிகளுக்குப் புதிய பயனர்களை உருவாக்கினேன். ஆடிட்டருக்குப் படிக்க மட்டும் உரிமை.

உள்ளே போனார்கள். சின்னப் பட்டியல்கள் வந்தன. மாதாந்திர அறிக்கை மட்டும் பாதியில் தொங்கியது. சிறியது போகிறது, பெரியது நிற்கிறது என்றால் எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, பார்க்க வேண்டும். வழியில் ஏதோ ஓரிடம் பெரிய பாக்கெட்டுகளை விழுங்குகிறது. வயர்கார்டின் இயல்பான 1420-ஐ 1280 ஆக்கியதும் அறிக்கை வந்துவிட்டது. ஆனாலும் மெதுவாக.

அந்த மெதுவுக்கு நெட் வேகம் காரணமில்லை. பில் மென்பொருள் ஒரே அறைக்குள் ஓடுவதற்காக எழுதப்பட்டது. ஓர் அறிக்கைக்கு ஆயிரம் சின்னக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கும். அறைக்குள் அது தெரியாது. விபிஎஸ் வழியாகச் சுற்றி வரும்போது ஒரு கேள்விக்கு 40 மில்லி விநாடி என்றாலும் ஆயிரத்துக்கு 40 விநாடி ஆகிவிடும். மகனிடம் உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டேன். அன்றைய வரத்து, கையிருப்பு மூட்டை, யாருக்கு எவ்வளவு பாக்கி, அவ்வளவுதான் என்றார். அதைச் சர்வரே தினமும் இரவு கணக்கிட்டு மின்னஞ்சலில் அனுப்பும்படி செய்துவிட்டோம். டன்னல் இப்போது ஆடிட்டருக்கும் பராமரிப்புக்கும்தான் பயன்படுகிறது.

கடைசியாக மெயின் ஸ்விட்சை அணைத்துப் பார்த்தோம். மின்சாரம் போய் வந்தால் எல்லாம் தானாக எழுந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் அறுவடை நடுவில் மறுபடி போன் வரும். பெட்டியின் பயோஸில் மின்சாரம் வந்ததும் தானே இயங்கு என்று வைத்திருந்தேன், எழுந்தது. டன்னல் எழவில்லை. பெட்டி சட்டென்று தயாராகிவிடுகிறது, ஃபைபர் மோடம் நெட்டைப் பிடிக்கச் சில நிமிடம் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் விபிஎஸ்ஸின் பெயரை முகவரியாக மாற்ற முடியாமல் வயர்கார்டு தொடங்கும்போதே தோற்றுப்போகிறது. அமைப்பில் பெயருக்குப் பதிலாக எண் முகவரியையே எழுதி, தோற்றால் அரை நிமிடம் கழித்து மறுபடி முயல் என்று சிஸ்டம்டி-யில் ஒரு வரியும் சேர்த்தேன். மறுபடி ஸ்விட்சை அணைத்துப் போட்டதும், மோடத்தின் விளக்கு பச்சைக்கு வந்த சற்று நேரத்தில் டன்னல் தானாக இணைந்துகொண்டது. உங்கள் ஆலையிலோ கடையிலோ இப்படி ஓர் இணைப்பு இருந்தால், இந்தச் சோதனையைக் கூட்டமில்லாத ஒரு நாளில் செய்துவிடுங்கள். ரவுட்டரில் 3306, 1433, 5432 என்று ஏதாவது விதி இன்னும் திறந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.